கட்டத்துக்குள் ஒரு காற்புள்ளி

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மும்பையில் நான் பணியாற்றிய ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர் நலநிதிக்காக ஒரு தரவுத்தளம் அமைத்துக் கொடுத்தேன். ஊழியரின் எண், பெயர், பணியில் சேர்ந்த நாள், மாதப் பிடித்தம், நியமனதாரர் என எல்லாம் ஒரே அட்டவணை. நியமனதாரருக்கு ஒரு கட்டம். ஒருவருக்கு மேல் நியமிக்க விரும்பும் ஊழியருக்கு என்ன செய்வது என்று எழுத்தர் வந்து கேட்டார். "காற்புள்ளி இட்டு, அடுத்த பெயரையும் அதே கட்டத்தில் எழுதிவிடுங்கள்" என்றேன். சில நொடிகளில் சொன்ன விடை அது. அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஊழியர் காலமானார். மனைவியையும் தாயையும் அவர் நியமித்திருந்தார். பணம் வழங்குவதற்கான பட்டியலைத் தயாரித்த நிரல், காற்புள்ளிக்கு முன்னிருந்த பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டது. தாயார் தொலைவில், சொந்த ஊரில் இருந்தவர். தமக்குப் பங்கு உண்டு என்பதையே அறியாதவர். பழைய காகிதப் படிவத்தை வேறொரு தேவைக்காக ஒருவர் புரட்டியபோதுதான் அவர் பெயர் கண்ணில் பட்டது. அதற்குள் பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. பணம் அவரைச் சென்றடைந்தது. நானும் பிழையைத் திருத்தினேன். அதாவது, நிரலைத் திருத்தினேன். பிழை நிரலில் இல்லை, அட்டவணையின் அமைப்பிலேயே இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தபோது எனக்கு வயது 47. தரவுத்தளங்களுடனேயே பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, அவற்றின் இயலை முதன்முறையாக முறைப்படி படிக்க அமர்ந்திருந்தேன். இயல்பாக்கம் என்னும் பாடத்தில் முதல் விதி வந்தது: ஒவ்வொரு கட்டத்திலும், மேலும் பகுக்க இயலாத ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். இதற்கு முதல் நார்மல் ஃபார்ம் என்று பெயர். பாடம் அதை ஐந்து நிமிடங்களில் கடந்துவிட்டது. நான் காணொளியை நிறுத்திவிட்டு நெடுநேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். நியமனதாரர்களுக்குத் தனி அட்டவணை; ஊழியர் எண், நியமனதாரர் பெயர், பங்கு விழுக்காடு; ஒருவருக்கு இருவர் இருந்தால் இரண்டு வரிகள். செய்ய வேண்டியிருந்தது இவ்வளவே. இந்த விதியின் கரு 1970-ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. நான் கணினியைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே விடை காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அனுபவம் மிக்கவர்கள் பாடநூலைத் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் "எனக்கு இது தெரியுமே" என்னும் எண்ணம்தான். தெரிந்ததுதான். ஆனால் நமக்குத் தெரிந்தது 'எப்படி' என்பது மட்டும். 'ஏன்' என்பதும் 'எப்போது தவறும்' என்பதும் வேறு பக்கங்களில் இருக்கின்றன.

கோட் என்னும் முதிய மாணவர்

அந்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர் எட்கர் கோட். இங்கிலாந்தில் 1923-இல் பிறந்தவர்; இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாகப் பணியாற்றியவர்; 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தவர். பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் தொழிலில் இருந்த பிறகே அவர் மீண்டும் மாணவராகி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அது 1965-ஆம் ஆண்டு. அவர் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆய்வுப் பொருளும் தரவுத்தளம் அன்று, தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் பற்றிய கணிதம். ஐந்தாண்டுகள் கழித்து அவர் எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை, இன்று உலகில் ஏறத்தாழ எல்லா வங்கிகளின் பேரேடுகளுக்கும் அடித்தளமாக இருக்கிறது. 1981-இல் கணினித்துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கட்டுரையின் தலைப்பிலேயே 'வங்கி' என்னும் சொல் இருக்கிறது: பெரிய, பலர் பகிரும் 'டேட்டா பேங்க்'குகளுக்கான உறவுநிலை மாதிரி என்பது அதன் கருத்து. அந்நாளைய அமைப்புகளில் தரவுகள் மரக்கிளைபோல அடுக்கப்பட்டிருந்தன. ஒரு விவரத்தை எடுக்க வேண்டுமானால், எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்று நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். அடுக்கு மாறினால் நிரல்கள் உடையும். தரவு எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறியத் தேவையே இருக்கக் கூடாது என்றார் கோட். எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாகக் கருதுங்கள். அவற்றின் மீது செய்யும் செயல்களைக் கணக் கோட்பாட்டைக் கொண்டு வரையறுத்துவிடலாம் என்பதே அவர் முன்வைத்த மாற்று. கணம், வெட்டு, சேர்ப்பு என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்துபோன அதே கணக் கோட்பாடுதான்.

பழகிய கை தடுமாறும் இடங்கள்

இங்கே ஒரு சிறு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியில் ஒவ்வொரு வினாவும் 'செலக்ட்' என்று தொடங்கும். கோட்பாட்டிலோ 'செலக்ஷன்' என்பது வரிகளைத் தெரிவு செய்யும் செயல். அதன் குறி சிக்மா. வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் செயல் 'ப்ரொஜெக்ஷன்'. அதன் குறி பை. நாம் எழுதும் 'செலக்ட்' உண்மையில் செய்வது ப்ரொஜெக்ஷன். செலக்ஷனைச் செய்வது பின்னால் வரும் 'வேர்' என்னும் சொல். புதிதாகப் படிக்கும் இளைஞருக்கு இது ஒரு நாள் குழப்பம். இருபதாண்டுகள் 'செலக்ட்' என்று தட்டச்சு செய்த கைக்கு மூன்று வாரக் குழப்பம். முதல் இரு வாரப் பயிற்சித் தாள்களில் நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லால்தான்.

அடுத்தது 'நல்'. தமிழில் நன்மையைக் குறிக்கும் இச்சொல், தரவுத்தளத்தில் மதிப்பு இல்லாத கட்டத்தின் பெயர். இது சுழியும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. ஒரு நிபந்தனைக்கு 'உண்மை', 'பொய்' என்னும் இரு விடைகளே உண்டு என்று நம்பி வாழ்கிறோம். 'நல்' வந்துவிட்டால் 'தெரியாது' என்னும் மூன்றாவது விடையும் நுழைகிறது. 'மும்பையில் வசிப்பவர்கள்' என்று ஒரு பட்டியலும், 'மும்பையில் வசிக்காதவர்கள்' என்று இன்னொரு பட்டியலும் எடுத்தால், இரண்டையும் கூட்டினால் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை வர வேண்டும் அல்லவா? ஊர் குறிக்கப்படாதவர்கள் இரண்டிலும் வரமாட்டார்கள். மாத இறுதி அறிக்கைகளில் சில பேர் காணாமற்போகும் மாயத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒட்டுப் போட்டிருக்கிறேன். அவை அனைத்தும் ஒரே பிழை என்பதைப் பாடநூலின் அரைப் பக்கம் எடுத்துச் சொன்னது. அதைப் படித்தபோது மகிழ்ச்சியும் எரிச்சலும் ஒருங்கே வந்தன.

அனுபவம் தடையாக மட்டுமே நிற்பதில்லை. பாடநூலைவிட அது ஓரடி முன்னே செல்லும் இடங்களும் உண்டு. வாடிக்கையாளர்கள் அனைவரும் அறிந்த ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பதினோர் எழுத்துகள்: முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது சுழி, கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். குறியீடு தெரிந்தால் வங்கி, கிளை, ஊர் மூன்றும் தெரிந்துவிடும். ஆனால் 'காந்தி நகர் கிளை' என்று மட்டும் சொன்னால் குறியீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. காந்தி நகர் இல்லாத ஊர் எது? ஒன்று தெரிந்தால் மற்றொன்று உறுதியாகிவிடும் இந்த ஒருவழித் தொடர்பைச் சார்புறவு என்கிறது கோட்பாடு. ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் முந்நூறு ஊழியரின் வரிகளிலும் வங்கி, கிளை, ஊர் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தால், கிளையின் பெயர் மாறும் நாளில் முந்நூறு திருத்தங்கள் தேவைப்படும். ஒன்று விடுபட்டாலும் அட்டவணை தனக்குத்தானே முரண்படும். எனவே கிளை விவரங்களைத் தனி அட்டவணையில் ஒரு முறை மட்டும் வையுங்கள், குறியீட்டைத் திறவுகோலாகக் கொள்ளுங்கள் என்பது பாடம்.

பாடம் சரிதான். ஆனால் 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டதையும், தொடர்ந்து பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகளே மாறியதையும் நேரில் சமாளித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக எழும்: திறவுகோலே மாறினால்? உலகம் மாற்றக்கூடிய எதையும் திறவுகோலாகக் கொள்ளாமல், அமைப்புக்குள் மட்டும் புழங்கும் ஓர் எண்ணைக் கிளைக்குக் கொடுத்துவிடுவது நல்லது என்று அந்த மாதங்களில் கற்றுக்கொண்டவர்கள் பலர். வகுப்பில் இருந்த இளைஞர்கள் குறியீடுகளிலும் நிறுவல்களிலும் என்னைவிட வெகு வேகமாக இருந்தார்கள். 'இது எத்தனை காலத்துக்கு உண்மையாக இருக்கும்?' என்னும் கேள்வியைக் கேட்டவர்கள் நரை கண்டவர்கள்தாம்.

பற்றும் வரவும்

இவ்வியலில் வங்கி வாடிக்கையாளருக்கு மிக நெருக்கமான பகுதி பரிவர்த்தனை பற்றியது. பாடநூல்களுக்கே வங்கி மீது தனிப் பற்று உண்டு. உலகெங்கும் பயன்படும் தரவுத்தளப் பாடநூல் ஒன்றின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் எஸ். சுதர்சன், மற்ற இருவர் சில்பர்ஷாட்ஸ், கோர்த். அந்நூலின் முந்தைய பதிப்புகளில் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்காட்டு ஒரு வங்கிதான். பெர்ரிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிளையின் கணக்குகளையும் கடன்களையும் ஒரு தலைமுறை மாணவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறாம் பதிப்பில் அது பல்கலைக்கழகமாக மாறிவிட்டது. எனக்கு அதில் சிறு வருத்தமே. பழைய புத்தகக் கடையில் ஐந்தாம் பதிப்பை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு ரூ.5,000 மாற்றுகிறோம். இதில் இரு செயல்கள் உள்ளன: ஒன்றில் பற்று, மற்றொன்றில் வரவு. பற்று முடிந்து வரவு நிகழும் முன் மின்சாரம் போனால்? இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டுமே நிகழாதது போல ஆகிவிட வேண்டும் என்பது முதல் விதி. கணக்குகளின் கூட்டுத்தொகை போன்ற நியதிகள் கெடக் கூடாது என்பது இரண்டாவது. ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று கெடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. முடிந்தது என்று அறிவித்தபின் எது நேர்ந்தாலும் அது அழியக் கூடாது என்பது நான்காவது. இந்நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆசிட்' என்று 1983-இல் பெயரிட்டவர்கள் ஹெர்டர், ராய்ட்டர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள்.

மூன்றாவது விதியைச் சற்று நின்று பார்க்கலாம். கணவன், மனைவி இருவரின் கூட்டுக் கணக்கில் ரூ.10,000 இருக்கிறது. கணவர் ஏ.டி.எம்.மில் ரூ.4,000 எடுக்கிறார். அதே நொடியில் மனைவி கைப்பேசி வழியாக ரூ.3,000 அனுப்புகிறார். இரு நிரல்களும் இருப்பைப் படிக்கின்றன; இரண்டுக்கும் 10,000 என்றே தெரிகிறது. ஒன்று 6,000 என எழுதுகிறது. அதன்மேல் மற்றொன்று 7,000 என எழுதிவிடுகிறது. உண்மையில் எஞ்சியிருக்க வேண்டியது ரூ.3,000. வங்கிக்கு ரூ.4,000 இழப்பு. இதைத் தடுப்பதற்கான வழி பூட்டு: படிக்கும் முன் பூட்டு, எழுதி முடித்தபின் திற. எப்போது பூட்டலாம், எப்போது திறக்கலாம் என்பதற்குத்தான் கோட்பாடு தேவைப்பட்டது. ஒரு பூட்டைத் திறந்தபின் புதிய பூட்டு எதையும் போடக் கூடாது என்ற ஒற்றைக் கட்டுப்பாடு போதும் என்று 1976-இல் ஒரு கட்டுரை நிறுவியது. அதன் நான்கு ஆசிரியர்களுள் முதற்பெயர் ஈஸ்வரன். மற்றொருவர் ஜிம் கிரே. பரிவர்த்தனைக் கோட்பாட்டுக்காக 1998-இல் டூரிங் விருது பெற்றவர்.

நான்காவது விதியைக் காப்பது பதிவேடு. தரவை மாற்றும் முன், 'இன்னதை இன்னவாறு மாற்றப்போகிறேன்' என்று தனியே எழுதி வைத்துவிட வேண்டும். குறிப்பேட்டில் எழுதிய பின்னரே பேரேட்டில் ஏற்றும் கணக்கரின் பழைய ஒழுக்கம்தான் இது. கணினி விழுந்து எழுந்தால், குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். இதற்கான முறைகளுள் புகழ்பெற்றது 'ஏரீஸ்'. 1992-இல் வெளியான அக்கட்டுரையின் முதன்மை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

இத்தனை அரண்கள் இருந்தும், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது 'நம் கணக்கில் பற்று ஆகிவிட்டது, அவருக்கு வரவில்லை' என்ற நிலை ஏன் வருகிறது? ஒரே வங்கியின் ஒரே தரவுத்தளத்துக்குள் இவ்விதிகளைக் காப்பது ஒன்று. தனித்தனித் தரவுத்தளங்களைக் கொண்ட இரு வங்கிகளுக்கு இடையே, நடுவில் ஓர் இணைப்பு அமைப்பும் இருக்கும்போது காப்பது வேறு. எதிர்ப்பக்கத்திலிருந்து விடை வராவிட்டால், அங்கே வரவு வைக்கப்பட்டதா இல்லையா என்பதை இப்பக்கம் அறிய வழியில்லை. நம் 'நல்' போன்றதொரு 'தெரியாது'. ஆகவே பின்னர் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிச் செலுத்தும் முறை தேவையாகிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் காலவரம்பு விதித்தது. யு.பி.ஐ. வழியாக ஒருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் அது திரும்ப வேண்டும். ஏ.டி.எம்.மில் பற்று ஆகிப் பணம் வெளிவராவிட்டால் ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு. கோட்பாட்டைப் படித்தபின் இவ்விதியைப் படித்தால், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு காரணம் தெரிகிறது. பணம் காணாமற்போனதாக நெஞ்சு பதைப்பதும் சற்றுக் குறைகிறது.

நேரம் எங்கே?

பணிபுரிவோருக்கு வழிகள் பல உண்டு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. நான் படித்தது இவ்வழியில், கரக்பூர் ஐ.ஐ.டி. வழங்கும் பாடம். பட்டமாகவே வேண்டுவோருக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் தரவுத்தளம் ஒரு பாடமாக இருக்கிறது. வயது வரம்பு இல்லை.

பணச்செலவு பெரிதன்று. நேரம்தான் செலவு. புறநகர் ரயிலில் நின்றபடி காணொளி பார்த்துவிடலாம் என்று நம்பினேன். பார்த்தேன், எதுவும் தங்கவில்லை. இந்த இயல் காதால் கேட்டு வருவதன்று. சார்புறவுகளின் பட்டியலைத் தாளில் எழுதி, ஒன்றிலிருந்து எவையெவை கிடைக்கும் என்று கையால் கணக்கிட்டால்தான் வரும். விடியற்காலை ஒரு மணி நேரம், மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தின் மீதித் தாள்கள், ஒரு பென்சில்: இவைதான் உதவின. நடுவில் இரு வாரங்கள் அலுவலக வேலையால் விட்டுப்போயின. கைவிட்டுவிடலாம் என்று தோன்றிய நாளில், விட்டுப்போன வாரப் பயிற்சிகளை மதிப்பெண்ணுக்காக அன்றி வெறுமனே போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு எளிதாயிற்று. தேர்வு மையத்தில் எனக்கு இருபுறமும் அமர்ந்திருந்தவர்கள் என் மகள் வயதினர். கண்காணிப்பாளர் என்னைப் பெற்றோர் என்று எண்ணி வெளியே காத்திருக்கச் சொன்னார். நுழைவுச் சீட்டைக் காட்ட வேண்டியதாயிற்று.

சென்ற ஆண்டுகளின் வங்கிச் சட்டத் திருத்தங்களில் ஒன்று, இதையெல்லாம் மீண்டும் நினைக்க வைத்தது. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமனதாரராக அறிவிக்கலாம். ஒரே நேரத்தில் பங்கு பெறுவோராகவும் நியமிக்கலாம். அப்படியானால் பங்குகளின் கூட்டுத்தொகை 100 விழுக்காடு ஆக வேண்டும். ஒருவருக்குப் பின் ஒருவராகவும் நியமிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகங்களுக்கு இந்த இரண்டாவது முறை மட்டுமே. ஒரே ஒரு பெயருக்காக வடிவமைக்கப்பட்ட கட்டம் நான்கு பெயர்களை ஏற்க வேண்டும் என்றால் அதன் பின்னால் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே, என் நிரந்தர வைப்புக்கான நியமனத்தை மாற்றக் கிளைக்குச் சென்றேன்.

படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி. வரியின் முடிவில் விழுக்காடு. முதல் வரியில் மனைவியின் பெயரையும் இரண்டாம் வரியில் தாயாரின் பெயரையும் எழுதினேன். 60, 40. மற்ற இரு வரிகளை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டேன். "வெறுமையாக விட்டால் யாரும் இல்லை என்று பொருளா, பிறகு எழுதுவதாக இருக்கிறீர்களா என்று எங்களுக்குத் தெரியாது, ஐயா. கோடு போட்டுவிடுங்கள்" என்றார் கிளை அலுவலர். கோடு போட்டுக் கையொப்பமிட்டேன்.